டிடிபி மிஷினை விண்டோஸ் 11-க்கு மாற்றியது: ஃபார்மட் போடாமல் ஒரு பதிவு

எங்கள் கடையின் டிடிபி (கம்ப்யூட்டரில் டைப் அடித்து அச்சுக்குப் பக்கம் அமைக்கும்) மிஷின் இப்போது விண்டோஸ் 11-இல் ஒழுங்காக ஓடுகிறது. பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் உரிய ஃபோல்டரில் போய் விழுகிறது, டாங்கிளை (தமிழ் ஃபாண்ட் மென்பொருளுக்குச் சாவி மாதிரி யுஎஸ்பியில் சொருகுவது) அடையாளம் காண்கிறது, பழைய பத்திரங்கள் பக்கம் குலையாமல் திறக்கின்றன. நடுவில் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள்: "ஃபார்மட் போட்டுருங்க அண்ணாச்சி, எல்லாம் சரியாயிரும்." போடவில்லை. போட்டிருந்தாலும் கீழே வரும் கோளாறுகளில் ஒன்றுகூடச் சரியாகியிருக்காது. அதனால்தான் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

மிஷின் 2018 கடைசியில் அசெம்பிள் செய்தது. ஐ5 8400, எச்310 போர்டு, 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டுடிஸ்க், விண்டோஸ் 10 ப்ரோ. கல்யாணப் பத்திரிகை, கிரயப் பத்திரம், பள்ளிக்கூட வினாத்தாள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாமே அதில்தான். கவுண்டரில் பில்லிங்குக்கு ஒரு பழைய ஐ3 மிஷின், அதில் யுஎஸ்பியில் மாட்டிய ஏ4 லேசர் பிரிண்டர். தவிர நெட்வொர்க்கில் ஒரு பெரிய ஜெராக்ஸ் மிஷின், அதுதான் ஸ்கேனரும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டன. ஊரார் பென்டிரைவ் அத்தனையும் வந்து சொருகப்படுகிற மிஷினில் அதற்கு மேல் இழுத்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

டிஸ்க்

விண்டோஸ் 11 ஏற மிஷினுக்குத் தகுதி உண்டா என்று சொல்லும் பிசி ஹெல்த் செக் ஆப்பை ஓட்டினேன். பிராசஸர் தேறிவிட்டது, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி, ஐ5 8400 சரியாக அந்த வாசலில் நிற்கிறது. டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் காவல்) இரண்டும் சிவப்பு. டிபிஎம்முக்குத் தனி சிப் வாங்க வேண்டியதில்லை. இன்டெல் போர்டுகளில் அது பிடிடி என்ற பெயரில் பயாஸுக்குள்ளேயே (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் மென்பொருள்) இருக்கிறது, எங்கள் போர்டில் ஆஃபில் கிடந்தது. ஆன் செய்ததும் முதல் சிவப்பு போய்விட்டது.

செக்யூர் பூட் அவ்வளவு லேசில் மசியவில்லை. சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் 'பயாஸ் மோட்' என்பதற்கு எதிரே 'லெகசி' என்றிருந்தது. அதாவது எஸ்எஸ்டி பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றினால்தான் லெகசிக்குப் பதில் வந்த யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும், செக்யூர் பூட்டும் அதற்குப் பிறகுதான். இதற்காகவே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸோடு வருகிறது, டேட்டாவை அழிக்காமல் மாற்றிவிடும். எடுத்தவுடன் மாற்றாமல், முதலில் 'வேலிடேட்' மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டினேன். டிஸ்க் அமைப்பு சரியில்லை என்று திருப்பிவிட்டது.

காரணம் டிஸ்க் மேனேஜ்மெண்டில் கண்ணுக்கு நேராகவே இருந்தது. சிஸ்டம் ரிசர்வ்டு, சி டிரைவ், ரிக்கவரி என்று மூன்று பிரைமரி பார்ட்டிஷன்கள். நான்காவதாக டி டிரைவ், அதைச் சுற்றிப் பச்சைக் கோடு. அந்தப் பச்சைக் கோடு எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனின் அடையாளம். எம்பிஆர் டிஸ்கில் நான்காவது பார்ட்டிஷன் போட்டால் டிஸ்க் மேனேஜ்மெண்ட் தானாக எக்ஸ்டெண்டட் ஆக்கிவிடும். எம்பிஆர்2ஜிபிடிக்கோ எக்ஸ்டெண்டட் இருக்கவே கூடாது, பிரைமரியும் மூன்றுக்கு மேல் ஆகாது. எஸ்எஸ்டியைக்கூட சி, டி என்று இரண்டாகக் கூறு போட்டுக் கொடுப்பது நம் ஊர் அசெம்பிள் வழக்கம். "சி போனாலும் டி இருக்கும்" என்பார்கள். ஒரே எஸ்எஸ்டி செத்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

டி-யில் பல வருட வாடிக்கையாளர் ஃபைல்கள், 70 ஜிபிக்கு மேல். ஹார்டுடிஸ்குக்கு ஒரு காப்பி, வெளியே எக்ஸ்டர்னல் டிரைவுக்கு ஒரு காப்பி. இரண்டிலும் கையில் வந்த பத்துப் பதினைந்து ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் டி-யை அழித்தேன். அழித்த பிறகும் வெளிர்பச்சையில் 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று நிற்கும். அதையும் ஒருமுறை டெலீட் செய்தால்தான் எக்ஸ்டெண்டட் முழுசாகப் போய் கறுப்புப் பட்டை வரும். அதன் பிறகு வேலிடேட் தேறியது. கன்வெர்ட் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடிவில் ரீஏஜென்ட் ஃபைலைப் புதுப்பிக்க முடியவில்லை என்று ஒரு செய்தி வந்தது. அது ரிக்கவரி வசதிக்கான அமைப்பு மட்டும்தான். ரீஏஜென்ட்சி கட்டளையால் ஒருமுறை டிசேபிள், மறுபடி எனேபிள் செய்ததும் சரி.

காலியான இடத்தில் புதிய பார்ட்டிஷன் போட்டு அதே டி எழுத்தைக் கொடுத்து ஃபைல்களைத் திருப்பினேன். எழுத்து முக்கியம். பழைய லேஅவுட் ஃபைல்களில் படங்கள் 'டி' பாதையில் லிங்க் ஆகியிருக்கும். எழுத்து மாறினால் ஒவ்வொரு பத்திரிகையிலும் பிள்ளையார் எங்கே என்று கேட்டு நிற்கும்.

பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய லெகசி பூட்டுக்கான வசதி) ஆஃப் செய்ததும் திரை கறுப்பு, போர்டிலிருந்து பீப். எப்போதோ யாரோ போட்டுக் கொடுத்த பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று உள்ளே இருந்தது. யுஇஎஃப்ஐ ஆதரவு இல்லாத காலத்துக் கார்டு. கழற்றிவிட்டு மானிட்டரை போர்டின் போர்ட்டிலேயே மாட்டினேன். 8400-க்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, டிடிபிக்கு அதுவே தாராளம். செக்யூர் பூட் ஆன், பூட் ஆகிவிட்டது.

மாற்றம்

விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓவை (நிறுவல் ஃபைல்) மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, டபுள் கிளிக்கில் மவுண்ட் செய்து செட்டப்பை ஓட்டினேன். பெட்டியில் 'உங்கள் கவனத்துக்கு' என்று நின்றது டாங்கிள் டிரைவர். நாங்கள் பயன்படுத்தும் தமிழ் ஃபாண்ட் மென்பொருள் யுஎஸ்பி டாங்கிள் இருந்தால்தான் திறக்கும். அதன் டிரைவர் மிகப் பழசு. அதை அன்இன்ஸ்டால் செய்து, டாங்கிளையும் உருவி வைத்துவிட்டுத் தொடர்ந்தேன். கடையில் நெட் மந்தம் என்பதால் லேன் கேபிளையும் கழற்றிவிட்டு, அப்டேட் இறக்குவதை 'இப்போது வேண்டாம்' என்று கொடுத்தேன். இந்தக் கடைசி முடிவுக்குப் பின்னால் விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு டெஸ்க்டாப் வந்தது.

வந்ததும் செய்த முதல் வேலை, பழைய விண்டோஸுக்குத் திரும்பும் கெடுவை நீட்டியது. சும்மா விட்டால் 10 நாள்தான். அதற்குள் டிஸ்ம் கட்டளையில் 60 நாள் வரை ஆக்கிக்கொள்ளலாம். பழைய விண்டோஸைத் தாங்கிய விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் 20 ஜிபிக்கு மேல் அடைத்துக்கொண்டு இருக்கும், இருக்கட்டும். எங்களைப் போன்ற கடைக்கு 10 நாளில் எல்லாக் கோளாறும் வெளியே வராது. மாதம் ஒருமுறை வருகிற வேலை மாதம் ஒருமுறைதான் வரும்.

பத்திரத்தின் கடைசி வரி

முதல் புகார் பத்திர எழுத்தரிடமிருந்து. சில மாதம் முன் அடித்த கிரயப் பத்திரத்தையே பெயர் மாற்றி மறுபடி பிரிண்ட் எடுத்தோம். 'எழுதிக் கொடுப்பவர்' என்ற கடைசி வரி மட்டும் அடுத்த தாளுக்கு ஓடிப்போய்த் தனியாக நின்றது. "அண்ணாச்சி, கையெழுத்து வரி தனித் தாள்ல நின்னா யாரு ஒத்துக்குவா?" என்றார். நியாயம்தான்.

மார்ஜின், தாள் அளவு, பிரிண்டர் டிரைவர் எல்லாம் பார்த்தோம். மாற்றமில்லை. வேர்டில் ஃபாண்ட் பெட்டியைப் பார்த்தால் 'லதா' என்றே காட்டியது, அதனால் ஃபாண்டைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை. டைப் அடிக்கும் அக்காதான் பிரிண்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "இது லதா இல்லண்ணே. 'ழ'வோட வால பாருங்க" என்றார். பழைய பிரிண்டோடு வைத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. தினமும் எட்டு மணி நேரம் அந்த எழுத்தையே பார்க்கிற கண் அது.

நடந்தது இதுதான். விண்டோஸ் 10 வந்ததிலிருந்து லதாவும் விஜயாவும் அடிப்படை நிறுவலில் கிடையாது. 'தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ்' என்ற விருப்பத் தொகுப்பில் இருக்கின்றன. இப்படிப்பட்ட தொகுப்புகளைப் புதிய பதிப்புக்கு ஏற்றபடி செட்டப் நெட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். நான் கேபிளை உருவியிருந்தேன். தொகுப்பு விட்டுப்போய்விட்டது. ஃபாண்ட் இல்லாவிட்டாலும் வேர்டு அதன் பெயரை அப்படியே காட்டிக்கொண்டு, உள்ளே நிர்மலா என்ற ஃபாண்டைப் போட்டு ஒப்பேற்றும். எழுத்தின் அகலம் கொஞ்சம் மாறும், வரி மடியும் இடம் மாறும், நாலு பக்கத்துக்கு மேல் அது ஒரு வரியாகச் சேரும். வேர்டு ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் 'ஃபாண்ட் சப்ஸ்டிட்யூஷன்' என்ற பட்டன் இருக்கிறது. எந்த ஃபாண்ட் இல்லை, எதை வைத்து ஓட்டுகிறது என்பதை அது மட்டும்தான் ஒளிக்காமல் சொல்கிறது.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய்த் தமிழ் என்று தேடி அந்தத் தொகுப்பைச் சேர்த்தேன். சின்ன டவுன்லோடுதான். கையெழுத்து வரி பழைய தாளுக்கே ஏறிக்கொண்டது.

இதே சாக்கில் இன்னொன்று. டாங்கிள் மென்பொருளுக்கு வெளியே நாங்கள் வைத்திருக்கும் பாமினி வகை பழைய ஃபாண்ட்களில் சில, பழைய டிடிபி மென்பொருளில் மட்டும் தெரியவில்லை, வேர்டில் தெரிந்தன. சும்மா டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் இப்போது அந்த ஒரு யூசரின் ஃபோல்டருக்குள்தான் ஃபாண்ட் போகிறது. பழைய மென்பொருள்கள் விண்டோஸின் பொது ஃபாண்ட் ஃபோல்டரை மட்டும்தான் எட்டிப் பார்க்கும். ரைட் கிளிக் செய்து 'எல்லா யூசர்களுக்கும் இன்ஸ்டால்' கொடுத்தால் தீர்ந்தது. விண்டோஸ் 11-இல் அதற்கு 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' தட்டிப் பழைய மெனுவைத் திறக்க வேண்டியிருந்தது.

பிரிண்டரும் ஸ்கேனும்

கவுண்டர் மிஷினில் ஷேர் செய்திருந்த லேசருக்கு டிடிபியிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் 709 என்று முடியும் பிழை. விண்டோஸ் 11-இன் 22எச்2 முதல், நெட்வொர்க் பிரிண்டரோடு பேசும் வழி மாறிவிட்டது: முன்பு நேம்டு பைப் என்ற வழி, இப்போது டிசிபி என்ற வழி. குரூப் பாலிசியில் (விண்டோஸின் நிர்வாக அமைப்புகள்) பிரிண்டர்ஸ் பகுதிக்குள் 'ஆர்பிசி கனெக்ஷன்' அமைப்பில் நேம்டு பைப்புக்கே திருப்பிவிட்டேன், பிரிண்ட் வந்துவிட்டது.

ஆனாலும் அதோடு விடவில்லை. கவுண்டர் மிஷினை ஆன் செய்யாவிட்டால் டிடிபியில் பிரிண்ட் இல்லை என்ற தலைவலி எங்களுக்கு அப்டேட்டுக்கு முன்பிருந்தே உண்டு. அந்த லேசரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் லேன் போர்ட் ஒன்று மூடி கழற்றாமலே இருக்கிறது! வாங்கிய நாளிலிருந்து. 5 மீட்டர் கேட்6 கேபிள் ஒன்று 220 ரூபாய்க்கு வாங்கி ரவுட்டரில் சொருகினேன். ரவுட்டரில் அந்த பிரிண்டருக்கு ஒரு நிரந்தர ஐபி ஒதுக்கி, இரண்டு மிஷினிலும் ஷேரிங்கைத் தூக்கிவிட்டு நேராக டிசிபி/ஐபி போர்ட், எண் 9100 என்று சேர்த்தேன். குரூப் பாலிசியையும் பழையபடி விட்டுவிட்டேன். இனி எந்த விண்டோஸ் எதை மாற்றினாலும் இந்தப் பிரிண்டருக்குக் கவலையில்லை.

ஸ்கேன் கதை வேறு. ஜெராக்ஸ் மிஷினில் ஸ்கேன் செய்தால் டிடிபி மிஷினின் ஒரு ஃபோல்டரில் பிடிஎஃப் வந்து விழும். யாருக்கும் பாஸ்வேர்டு கிடையாது, திறந்த வீடு. அப்டேட்டுக்குப் பிறகு 'கனெக்ஷன் எரர்'. முதலில் நெட்வொர்க் புரொஃபைல் 'பப்ளிக்' ஆகியிருந்ததைக் கண்டு 'பிரைவேட்' ஆக்கினேன். தேவையான மாற்றம்தான், ஆனால் பிழை போகவில்லை. 24எச்2-இன் ப்ரோ பதிப்பில் எஸ்எம்பி சைனிங் (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும்போது ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம்) கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் இணைப்பில் சைன் செய்ய ஏதுமில்லாததால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். சைனிங்கை அணைத்துவிடச் சொல்லி ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஆதார், பான், பத்திர நகல் என்று ஊர் ஆவணமெல்லாம் வந்து விழுகிற ஃபோல்டருக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். 'ஸ்கேன்' என்று ஒரு லோக்கல் யூசர், நீளமான பாஸ்வேர்டு, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி. அதே பெயரையும் பாஸ்வேர்டையும் ஜெராக்ஸ் மிஷினின் அட்ரஸ் புக்கில் ஏற்றினேன். உடனே வேலை செய்தது. ஜெராக்ஸ் மிஷின் மிகப் பழசாக இருந்தால் சைனிங்கே தெரியாமல் இருக்கலாம். அப்போது பென்டிரைவில் ஸ்கேன் எடுப்பதே மேல்.

டாங்கிளுக்கு அதைத் தயாரித்தவர்கள் தளத்தில் புதிய 64-பிட் டிரைவர் கிடைத்தது. டாங்கிளைச் சொருகாமல் டிரைவரை நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, அதன் பிறகு சொருக வேண்டும். கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டியையும் (நம்பத்தகாத டிரைவர்களைத் தடுக்கும் பாதுகாப்பு) ஆன் செய்து பார்த்தேன், மறுப்பு எதுவும் வரவில்லை. பழைய டிரைவரையே மறுபடி போட்டிருந்தால் அந்த ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்காது.

காலையில் மட்டும் வரும் கோளாறு

இதுதான் அதிகம் அலைக்கழித்தது. சில நாள் காலையில் கடை திறந்ததும் அக்கா பின் நம்பர் போட்டால், உங்கள் பின் இப்போது கிடைக்கவில்லை என்று விண்டோஸ் சொல்லும். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், பின்னை மறுபடி அமைத்தால் அன்று முழுக்கச் சரி. மறுநாளோ அதற்கடுத்த நாளோ மறுபடி அதே. மாதாந்திர அப்டேட்டைச் சந்தேகித்து ஒன்றை அன்இன்ஸ்டால் செய்தேன். விண்டோஸ் ஃபைல்களைச் சோதிக்கும் எஸ்எஃப்சி ஓட்டினேன், குறை எதுவும் காட்டவில்லை. 'ஃபார்மட்' குரல்கள் உச்சத்தில் இருந்த நேரம் இது.

ஒரு நாள் நானே காலையில் சீக்கிரம் வந்து மிஷினை ஆன் செய்தேன். விண்டோஸ் வருவதற்கு முன்பே கறுப்புத் திரையில் சிமாஸ் அமைப்பு தவறு, எஃப்1 அழுத்தவும் என்று நின்றது. பின்னால் வந்த அக்காவிடம் காட்டினேன். "அதுவா? எஃப்1 தட்டி வெளிய வந்தா போயிரும்ணே. ரொம்ப நாளா அப்படித்தான்."

ரொம்ப நாளாக! நாங்கள் இரவு கடை சாத்தும்போது மெயினையே ஆஃப் செய்துவிட்டுப் போவோம். ராத்திரி முழுக்க பயாஸ் அமைப்புகளைத் தாங்கிப் பிடிப்பது போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்றுதான். கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன்: 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.3. விண்டோஸ் 10 காலத்திலும் இதேதான் நடந்திருக்கும். பயாஸ் டீஃபால்ட்டுக்குப் போகும், தேதி பின்னுக்குப் போகும், நெட் வந்ததும் விண்டோஸ் தேதியைத் திருத்திக்கொள்ளும். லெகசி பூட்டுக்கு டீஃபால்ட் அமைப்பே போதும், ஆகவே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இப்போது டீஃபால்ட் என்றால் சிஎஸ்எம் ஆன், பிடிடி ஆஃப். பூட் என்னவோ ஆகிவிடும். ஆனால் டிபிஎம் இல்லை, ஆகவே அதில் பூட்டி வைத்த பின்னும் இல்லை.

பேட்டரி 40 ரூபாய். போட்டு, பயாஸில் பிடிடி ஆன், சிஎஸ்எம் ஆஃப், செக்யூர் பூட் ஆன் என்று மறுபடி வைத்து, பின்னைக் கடைசி முறையாக அமைத்தேன். அதன் பிறகு அந்தச் செய்தி தலைகாட்டவில்லை. எங்கள் டிரைவில் என்கிரிப்ஷன் இல்லை என்பதால் பின்னோடு போயிற்று. விண்டோஸின் என்கிரிப்ஷனான பிட்லாக்கர் ஆனில் இருந்திருந்தால் காலை 9 மணிக்குக் கல்யாண வீட்டுக்காரர்களை நிற்க வைத்துவிட்டு 48 இலக்க ரிக்கவரி கீயைத் தேடியிருக்க வேண்டும்.

மொத்தச் செலவு கேபிள் 220, பேட்டரி 40, ஆக 260 ரூபாய். எக்ஸ்டர்னல் டிரைவ் ஏற்கெனவே இருந்தது. இன்னொரு மிஷினுக்கு இதைச் செய்வதென்றால் ஸ்க்ரூடிரைவரில்தான் தொடங்குவேன்: ஐந்து வருடத்துக்கு மேலான போர்டில் பேட்டரியை அளந்துகூடப் பார்க்காமல் மாற்றிவிடுவேன். லேன் கேபிளை உருவ மாட்டேன், அப்டேட்டோடு சேர்த்தே செட்டப்பை ஓட விடுவேன். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பட்டியலையும் ஃபாண்ட் ஃபோல்டரையும் முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பேன். முக்கியமான நான்கைந்து பத்திரங்களை மாற்றத்துக்கு முன்பே பிடிஎஃப் ஆக்கி வைத்தால், பிறகு பக்கம் பக்கமாக ஒப்பிட வசதி.

கவுண்டர் ஐ3 மிஷின் ஆறாம் தலைமுறை, 6100. அனுமதிப் பட்டியலில் இல்லை. ரிஜிஸ்ட்ரியில் கை வைத்து ஏற்றும் வழிகள் இருக்கின்றன. பில்லிங் மிஷினில் அந்த வேலை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒரு லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்து பார்த்தேன். லேசர் இப்போது நெட்வொர்க்கில் இருப்பதால் ஐபியைக் கொடுத்ததும் பிரிண்ட் வந்துவிட்டது, ஜெராக்ஸ் மிஷினும் தெரிந்தது. பில்லிங் மென்பொருள்தான் விண்டோஸை விட்டு வராது. பிரவுசரில் ஓடும் பதிப்பு இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்டிருக்கிறேன். இல்லையென்றால் எட்டாம் தலைமுறையில் ஒரு செகண்ட் ஹேண்ட் பெட்டி பார்க்க வேண்டியதுதான்.